ஆண்டி பிரியோ: ஒரே ஒரு ரேஸ் ஜெயித்து உலக சாம்பியன் ஆனவரை எந்த இடத்தில் வைப்பது?

நாலாவது கியர் (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டிஷ் டூரிங் கார் (சாலையில் ஓடும் கார்களை ரேஸுக்காக மாற்றிய வகை) ஓட்டுநர்கள் என்றாலே நம் மன்றத்தில் ஜேசன் பிளேட்டோ, மேட் நீல், காலின் டர்கிங்டன், ஆஷ் சட்டன் என்று நாலு பேரைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. ஆண்டி பிரியோ பெயரை யாரும் எடுப்பதே இல்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

2004இல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம். அடுத்த வருஷம் அந்தப் போட்டியே உலகப் போட்டியாக (டபிள்யூடிசிசி) மாறியது. 2005, 2006, 2007 மூன்று வருஷமும் அதில் பட்டம் இவருக்குத்தான். டபிள்யூடிசிசி நடந்த காலம் முழுக்க உலகப் பட்டம் வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் இரண்டே பேர்: பிரியோவும், 2012இல் ராப் ஹஃபும். அதற்கப்புறம் ஜிடி (ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ்) பக்கம் போய் நூர்பர்க்ரிங், செப்ரிங், லெ மான் என்று ஓட்டினார், ஃபோர்டு ஜிடி திரும்பி வந்தபோது அதன் பிரிட்டிஷ் அணியிலும் இருந்தார்.

என் கட்சி இதுதான்: ஒரு ரேஸை ஜெயிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு சீசனையே ஜெயிக்கத் தெரிந்தவர் பிரியோ. அந்த வகையில் பிரிட்டனில் அவருக்கு மேல் யாரையும் நான் வைக்க மாட்டேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பிட்லேன்

நல்ல இழை. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2005 சீசனில் அவர் ஜெயித்தது ஒரே ஒரு ரேஸ். இருபது ரேஸில் ஒன்று! உலக சாம்பியன் என்று சொல்ல அது போதுமா? அந்தக் காலத்தில் பிஎம்டபிள்யூ கார்தான் களத்திலேயே நம்பகமான கார். அந்த காரை ஓட்டிய ஒருவர் கணக்குப் பார்த்துப் பார்த்துப் புள்ளி சேர்த்தார், அவ்வளவுதான். பிளேட்டோ பிடிசிசியில் (பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டி) 97 ரேஸ் ஜெயித்தவர். டர்கிங்டன் நாலு பட்டம், சட்டன் நாலு பட்டம். கண்ணுக்கு முன்னால் முட்டி மோதி ஜெயித்தவர்கள் அவர்கள்.

ஸ்லிக் டயர்

பிட்லேன் சார், அந்த ஒரு வெற்றியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அப்போதைய விதிகளைப் பார்த்துவிடலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும்.

ஒரு வார இறுதியில் இரண்டு ரேஸ். முதல் எட்டு இடத்துக்குத்தான் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. முதல் ரேஸில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் இரண்டாவது ரேஸில் தலைகீழாக நிற்க வேண்டும். எட்டாவது வந்தவருக்குப் போல் பொசிஷன் (வரிசையின் முதல் இடம்), ஜெயித்தவருக்கு எட்டாவது இடம். போதாததற்கு, நன்றாக ஓட்டியவரின் காரில் அடுத்த சுற்றுக்குக் கூடுதல் எடையை ஏற்றுவார்கள். இன்று ஜெயித்தால் அடுத்த ஊரில் பிரேக்கிங் தூரம் நீளும், டயர் சீக்கிரம் தேயும், வளைவை விட்டு வெளியேறும்போது கார் மந்தமாகும்.

இந்த விதிகளின் நோக்கமே ஒருத்தரே தொடர்ந்து ஜெயிக்கக் கூடாது என்பதுதான். அந்த 2005இல் பிரியோ எடுத்தது 101 புள்ளி. இருபது ரேஸுக்கு வகுத்தால் ரேஸுக்கு ஐந்து, அதாவது நாலாவது இடத்துக்கான புள்ளி. எடை ஏற்றி, கிரிட்டை (கிளம்பும் வரிசையை) திருப்பிப் போட்டு, என்ன செய்தாலும் சராசரியாக நாலாவது இடத்துக்குக் கீழே இறங்காத ஒரு மனிதர். இரண்டாவது வந்த டிர்க் முல்லர் 86 புள்ளி. பதினைந்து புள்ளி வித்தியாசம் இந்த விதிக்குள் பெரிய இடைவெளி.

பிட்லேன்

விதி புரிகிறது சார். ஆனால் அதே விதிதான் டிர்க் முல்லருக்கும். அவரும் பிஎம்டபிள்யூதான்.

ஸ்லிக் டயர்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதே பிஎம்டபிள்யூவில் டிர்க் முல்லர், யோர்க் முல்லர் இருவரும் ஷ்னிட்ஸர் அணியில் ஓட்டினார்கள். பிஎம்டபிள்யூவின் டூரிங் கார் வரலாற்றையே எழுதிய அணி அது. இத்தாலி-ஸ்பெயின் பக்கம் ரவாலியாவின் அணி, அதில் அலெக்ஸ் சனார்டி. பிரியோவுக்குக் கிடைத்தது பெல்ஜியத்தில் பார்ட் மாம்பே நடத்திய ஆர்பிஎம். பெயர் 'பிஎம்டபிள்யூ டீம் யூகே', களத்தில் நின்றது ஒரே ஒரு கார். செட்டப் தகவலைப் பகிர்ந்துகொள்ள அணிக்குள் இன்னொரு ஓட்டுநர் கிடையாது. முன்னால் ஓடி வழிவிட ஆளும் கிடையாது. காரின் பலம் என்று வாதம் வைத்தால், அதே காரில் பெரிய அணியோடு ஓட்டிய ஜெர்மானியர்கள் ஏன் மூன்று வருஷமும் தோற்றார்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

மலைப்பாதை

இந்த இழையில் அவருடைய ஆரம்பத்தைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எனக்குப் பிரியோவைப் பிடித்ததே அதனால்தான்.

அவர் குவெர்ன்ஸீ தீவுக்காரர். ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தீவு. தீவு முழுக்கச் சாலையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 35 மைல், நம் கணக்கில் 56 கிலோமீட்டர். அங்கே சர்க்யூட் கிடையாது. இருப்பது ஹில் கிளைம்ப். செயின்ட் பீட்டர் போர்ட் ஊரிலிருந்து மேலே ஏறும் வால் டி டெர் சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏற்றுவார்கள். அப்பாவும் ஹில் கிளைம்ப் ஓட்டியவர். மகன் 1995இல் பிரிட்டிஷ் ஹில் கிளைம்ப் சாம்பியன்.

ஹில் கிளைம்பில் ஒரு ஓட்டம் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சூடேற்றும் சுற்று கிடையாது. டயர் முழு வெப்பத்துக்கு வருவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும். ஓரத்தில் கல் சுவரோ, மரமோ, மண் மேடோ நிற்கும். முதல் வளைவில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பதை முதல் வளைவிலேயே கண்டுபிடித்தாக வேண்டும், திரும்பி வந்து சரிசெய்ய இரண்டாவது சுற்று இல்லை.

இப்போது இதை மக்காவோவோடு சேர்த்துப் பாருங்கள். அவருடைய மூன்று உலகப் பட்டமும் மக்காவோவில்தான் முடிவாயின. கியா சர்க்யூட் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கடலோரத்தில் நேராகப் பறந்து, லிஸ்போவா வளைவில் வலது பக்கம் திரும்பி, அங்கிருந்து ஊருக்குள் மலைமேல் ஏறுகிற சாலை. இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. மெல்கோ ஹேர்பின் வளைவு அவ்வளவு குறுகல், அங்கே முந்தவே அனுமதி கிடையாது. சின்ன வயசில் சுவருக்கு நடுவே ஏறிப் பழகியவருக்கு இந்த ஊர் கைவந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பச்சைக்கொடி

மலைப்பாதை அண்ணா, அருமை. நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1995இல் பட்டம் வாங்கியதும் வாழ்க்கை திறந்துவிடவில்லை. சர்க்யூட் பக்கம் வந்ததும் ஃபார்முலா ரெனோ, ஃபார்முலா 3 என்று பணம் கரைந்ததுதான் மிச்சம். வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு சில்வர்ஸ்டோனில் கேரவனில் குடியிருந்தார். 1999இல் ரெனோ ஸ்பைடர் கோப்பையில் ஓட்டினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். பதின்மூன்று ரேஸ், பதின்மூன்றிலும் போல், பதின்மூன்றிலும் வெற்றி.

"கணக்குப் பார்த்துப் புள்ளி சேர்ப்பவர்" என்று சொல்கிறவர்கள் இந்த வருஷத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சம கார் கொடுத்து, எடை எதுவும் ஏற்றாமல் விட்டால் அவர் என்ன செய்வார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் மறுபடி ஃபார்முலா 3. 2001இல் ஓல்டன் பார்க்கில் வாக்ஸ்ஹால் காரில் மாற்று ஓட்டுநராக பிடிசிசியில் எட்டிப் பார்த்தார். 2002இல் ஹோண்டா சிவிக் டைப்-ஆர் காரில் முழு சீசன். 2003இல் பிஎம்டபிள்யூ கூப்பிட்டது. அப்போது வயது முப்பதை நெருங்கிவிட்டது. பல பேர் கையுறையைக் கழற்றுகிற வயதில் இவர் தொழிற்சாலை ஓட்டுநர் ஆனார்.

பிட்லேன்

ஸ்பைடர் கோப்பை சின்னக் கோப்பை. அதை உலகப் பட்டத்தோடு ஒப்பிட முடியாது.

என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 2007 மக்காவோ. அங்கே அவர் ஜெயித்தாரா, இல்லை பிரெஞ்சு ஓட்டுநர் ஈவான் முல்லரின் கார் தோற்றதா?

நாலாவது கியர்

வாருங்கள், இந்த இழையை நான் தொடங்கியதே அந்த ரேஸுக்காகத்தான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2007 நவம்பர், மக்காவோ, சீசனின் கடைசிச் சுற்று. பிரியோவும் ஈவான் முல்லரும் ஆளுக்கு 81 புள்ளியோடு வருகிறார்கள். முல்லர் கையில் ஸ்பெயின் நிறுவனமான சீட்டின் லியோன் டிடிஐ கார். டீசல் எஞ்சின், இழுவிசை அபாரம், அந்தக் கடலோர நேர்ப்பாதையில் அதைப் பிடிப்பது கஷ்டம். முதல் ரேஸில் முல்லர் முன்னணியில் ஓடுகிறார். பிரியோ பின்னால் எங்கோ. அப்படியே முடிந்திருந்தால் முல்லர் பத்துப் புள்ளி முன்னிலை.

கடைசிக் கட்டத்தில் முல்லரின் காருக்கு எரிபொருள் போவது நின்றது. கார் ஓய்ந்தது. அலென் மெனு செவர்லேயில் ஜெயித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் மேலே ஏறினார்கள். பிரியோவுக்கு எட்டாவது இடம். ஒரு புள்ளி. அதோடு தலைகீழ் கிரிட்டில் இரண்டாவது ரேஸுக்குப் போல் பொசிஷன்.

இதுவரை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டாவது இடத்தை எட்டக்கூடிய தூரத்தில் கார் உடையாமல் இருந்தது யாரால்? மக்காவோவில் பாதிக் களம் தடுப்பில் மோதி நிற்பது சகஜம். ரேஸ் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் லிஸ்போவாவில் யாரையும் இடித்துத் தள்ளாமல், கண்ணாடியைக்கூட உரசாமல், ஒரு புள்ளிக்காகக் காத்திருந்த பொறுமை அது. கிரிக்கெட்டில் பந்து சுழலுகிற நாளில் நாலு மணி நேரம் நின்று நாற்பது ரன் எடுப்பவரை நாம் கொண்டாடுவோம் இல்லையா, அதற்குச் சமம்.

இரண்டாவது ரேஸ் நின்ற நிலைத் தொடக்கம். பின்சக்கர இயக்கம் கொண்ட பிஎம்டபிள்யூவுக்கு அது பலம். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து பின் டயரை அழுத்தும், பிடிப்பு கூடும். போலில் இருந்து கிளம்பினார், முதலிடத்தில் முடித்தார். 81, 1, 10. மொத்தம் 92. முல்லர் 81லேயே நின்றுவிட்டார். மூன்றாவது உலகப் பட்டம்.

பிட்லேன் சார், உங்கள் கேள்விக்கு என் பதில்: முல்லரின் கார் கதவைத் திறந்துவிட்டது உண்மை. திறந்த கதவுக்கு நேரே நின்றவர் ஒருவர்தான்.

பிட்லேன்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்தப் பட்டம் முல்லரிடமிருந்து வந்த பட்டம்தான் எனக்கு. முல்லர் அடுத்த வருஷமே, 2008இல், அதே டீசல் காரில் பட்டம் எடுத்துக் கணக்கை நேர் செய்தார்.

2006க்கும் இதே வாதம் வைப்பேன். 73க்கு 72. யோர்க் முல்லரைவிட ஒரே ஒரு புள்ளி. சீசனில் எங்காவது ஒரு பிரேக் லைட் அணைந்திருந்தால் பட்டம் மாறியிருக்கும்.

மலைப்பாதை

ஒரு புள்ளி வித்தியாசம் ஒரு வருஷம் நடந்தால் தற்செயல் என்று சொல்லலாம். இவருக்கு அது தொடர்கதை. 2004 ஐரோப்பியப் பட்டம் துபாயில் முடிவானது. பிரியோவும் டிர்க் முல்லரும் சம புள்ளி. அதிக ரேஸ் ஜெயித்தவர் யார் என்று எண்ணிப் பார்த்துப் பிரியோவுக்குக் கொடுத்தார்கள்.

இது முக்கியம் என்று நினைக்கிறேன். 2004இல் அதிக வெற்றியால் பட்டம், அடுத்த வருஷம் ஒரே வெற்றியோடு பட்டம். நிலைமைக்குத் தேவையானது எதுவோ அதைச் செய்திருக்கிறார். ஒரே ஒரு பாணி மட்டும் தெரிந்தவருக்கு இது வராது.

நள்ளிரவு பிட்ஸ்டாப்

எல்லோரும் டூரிங் கார் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஜிடி ரசிகன், இந்தப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

2005இல், முதல் உலகப் பட்டம் வாங்கிய அதே வருஷம், நூர்பர்க்ரிங் 24 மணி நேரத்தில் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரில் ஒட்டுமொத்த வெற்றி. கூட ஓட்டியவர்கள் பெத்ரோ லாமி, போரிஸ் செட், டங்கன் ஹ்யூஸ்மன். அங்கே பழைய நீளப் பாதையான நார்ட்ஷ்லைஃபேயும் ஜிபி பாதையும் சேர்ந்தால் ஒரு சுற்றே 25 கிலோமீட்டர் சுமார். ஒரு மூலையில் மழை, மறு மூலையில் வெயில், இருட்டில் உங்களைவிடப் பாதி வேகத்தில் ஓடும் சின்னக் கார்கள் நூற்றுக்கும் மேல். சுவருக்கு நடுவே ஓட்டிப் பழகியவர் இங்கேயும் ஜொலித்தார்.

2010 லெ மானில் அமெரிக்க ஓவியக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் வண்ணம் தீட்டிய எம்3 ஜிடி2, எண் 79. அதை ஓட்டியவர்களில் இவரும் ஒருவர். கார் இரவைக்கூடப் பார்க்காமல் நின்றுபோனது. 2011இல் செப்ரிங் 12 மணி நேரத்தில் ஜிடி பிரிவு வெற்றி, அதே வருஷம் லெ மானில் ஜிடிஇ புரோ பிரிவில் மூன்றாம் இடம். அந்த இரண்டிலும் அவரோடு காரைப் பகிர்ந்தவர்கள் ஜோயி ஹேண்டும், டிர்க் முல்லரும். ஆமாம், 2004இல் துபாய் வரை சம புள்ளியில் துரத்திய அதே டிர்க் முல்லர்.

ஜிடி ரேஸில் கார் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. இருக்கையின் உயரம், பெடல் தூரம், பிரேக் சமநிலை எல்லாவற்றிலும் மூன்று பேரும் விட்டுக்கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த செட்டப்பில் நீங்கள் மட்டும் அரை விநாடி வேகமாகப் போய்ப் பயனில்லை, மூன்று பேரும் நிலையாக ஓட்டக்கூடிய கார் வேண்டும். முழு சீசனையும் மனதில் வைத்து ஓட்டிய ஒருவர் இந்த வேலைக்குத் தயாராகத்தான் வந்தார்.

பச்சைக்கொடி

2016 ஃபோர்டு ஜிடி பற்றி யாராவது எழுதுங்கள். அதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

நள்ளிரவு பிட்ஸ்டாப்

எழுதுகிறேன்.

1966இல் ஃபோர்டு லெ மானை ஜெயித்து ஐம்பது வருஷம் ஆனதை ஒட்டி 2016இல் புது ஃபோர்டு ஜிடியோடு திரும்பி வந்தார்கள். நாலு கார். அமெரிக்காவிலிருந்து 68, 69. உலக எண்டூரன்ஸ் போட்டிக்கான பிரிட்டிஷ் அணியிலிருந்து 66, 67. பிரியோ 67இல், ஹாரி டிங்க்னெல், மரினோ பிராங்கிட்டியோடு. ரேஸ் கிளம்பும் நேரத்திலேயே 67இன் கியர்பாக்ஸ் தகராறு. ஆரம்பத்திலேயே பல சுற்று போய்விட்டது. லெ மானில் ஜிடி பிரிவில் ஒரு சுற்று போனாலே திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

அன்று பிரிவை ஜெயித்தது 68. அதில் இருந்தவர்கள் செபாஸ்டியன் போர்டே, ஜோயி ஹேண்ட், டிர்க் முல்லர். 2011இல் ஒரே காரில் பிரியோவோடு மேடை ஏறிய இருவர். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி கார், எண் மட்டும் ஒன்று வித்தியாசம்.

அதே வருஷம் ஃபூஜியிலும் ஷாங்காயிலும் பிரியோ-டிங்க்னெல் ஜோடி வரிசையாக ஜெயித்தது. 2017இல் சில்வர்ஸ்டோனில், ஒருகாலத்தில் கேரவனில் குடியிருந்த அதே இடத்தில், பிரிவு வெற்றி. அந்த வருஷ லெ மானில் இரண்டாம் இடம். ஜெயித்தது ஆஸ்டன் மார்ட்டின், அதில் டேரன் டர்னர்.

ஸ்லிக் டயர்

டர்னர் பெயரை எடுத்தது நல்லதாகப் போயிற்று. பிரிட்டனில் டூரிங் காரும் ஜிடியும் இரண்டும் ஓட்டியவர்களில் பிரியோவுக்கு நேரே வைக்கக்கூடியவர் அவர்தான். பிடிசிசியில் சீட் காரில் ஓட்டினார். லெ மானில் ஆஸ்டனோடு 2007, 2008, 2017 என்று மூன்று பிரிவு வெற்றி. ஜிடி என்று மட்டும் பார்த்தால் டர்னர் ஒரு படி மேல் என்று தயங்காமல் சொல்வேன். டூரிங் காரில் பிரியோ பக்கத்தில்கூட வர மாட்டார். இரண்டையும் சேர்த்து ஒரு தராசில் வைத்தால் பிரியோ பக்கம்தான் தாழும்.

பிட்லேன்

டிடிஎம்மை (ஜெர்மன் டூரிங் கார் போட்டி) யாரும் தொடவில்லையே. 2012, 2013. பிஎம்டபிள்யூ திரும்பி வந்த முதல் வருஷமே புரூனோ ஸ்பெங்லர் பட்டம் வாங்கினார். அதே எம்3 காரில் பிரியோ அடியில்தான் கிடந்தார். எடை, தலைகீழ் கிரிட் போன்ற விதிகள் இல்லாத இடத்தில் அவருடைய உண்மையான வேகம் தெரிந்துவிட்டது என்பது என் வாதம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நாலாவது கியர்

டிடிஎம் அவருக்குக் கைகொடுக்கவில்லை, அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் டிடிஎம் கார் பெயரளவில்தான் டூரிங் கார். கார்பன் உடம்பு, ஏராளமான டவுன்ஃபோர்ஸ், ஒற்றை இருக்கை ரேஸ் கார் மாதிரி ஓட்ட வேண்டியது. அதில் தகுதிச் சுற்றில் ஒரே ஒரு சுற்றுக்கு எல்லாவற்றையும் பிழிந்தெடுக்கிற இருபத்து சொச்சம் வயதுப் பையன்களோடு போட்டி. இவர் உள்ளே நுழையும்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருஷத்தை வைத்து நாலு பட்டத்தின் எடையைக் குறைப்பது நியாயமாகப் படவில்லை எனக்கு.

பிட்லேன்

வயது ஒரு காரணம் என்றால், அந்த வயதைத் தாண்டியும் பட்டத்துக்குப் போராடியவர்கள் இருக்கிறார்கள். காப்ரியேலே தர்குவினி 2009இல் உலகப் பட்டம் வாங்கியபோது நாற்பத்தேழு வயது. நான் என் நிலையிலேயே நிற்கிறேன்: பிரியோ பெரிய ஓட்டுநர், பிரிட்டனின் முதல் இடம் டர்கிங்டனுக்கு.

மலைப்பாதை

இருவரும் பிஎம்டபிள்யூ பின்சக்கரக் காரர்கள், இருவரும் யாரையும் இடிக்காமல் ஜெயிக்கப் பார்ப்பவர்கள். டர்கிங்டனின் நாலு பட்டமும் டபிள்யூஎஸ்ஆர் அணியில். பிரியோ 2015இல் பிடிசிசிக்குத் திரும்பியபோது ஓட்டியதும் அதே டபிள்யூஎஸ்ஆரின் பிஎம்டபிள்யூ '125ஐ' காரைத்தான். அந்த வருஷம் டர்கிங்டன் வேறு அணிக்குப் போய்விட்டார். இருவரையும் ஒரே அணியில், ஒரே காரில் பார்த்திருந்தால் இந்த விவாதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஈரப்பாதை (புது உறுப்பினர்)

வணக்கம். நான் எஃப்1 மட்டும்தான் பார்ப்பேன், டூரிங் கார் புதிது. இந்த இழையைப் படித்தபின் பார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்கலாம் அண்ணா?

நாலாவது கியர்

வரவேற்கிறேன் தம்பி. 2007 மக்காவோவின் இரண்டு ரேஸையும் வரிசையாகப் பாருங்கள், முதல் ரேஸை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. முதல் ரேஸில் முன்னணியைப் பார்க்காமல் ஏழாவது முதல் பத்தாவது இடம் வரை கவனியுங்கள், தலைகீழ் கிரிட் என்ன செய்யும் என்பது அங்கேதான் தெரியும். அடுத்து 2006 மக்காவோ. அதன்பின் மனசிருந்தால் ஹில் கிளைம்ப் பக்கம் போய் ஷெல்ஸ்லி வால்ஷ் ஓட்டம் எதையாவது ஒன்று ஓட்டுநர் பார்வையில் பாருங்கள். 1905 முதல் ஓடுகிற பாதை, ஆயிரம் கெஜம்தான், அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

பச்சைக்கொடி

தம்பிக்கு இன்னொன்று. இப்போது நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மகன் செபாஸ்டியன் பிரியோவைத் தொடருங்கள். 2021இல் போர்ஷே கரேரா கோப்பையின் வட அமெரிக்கப் பட்டம் வாங்கினார், பிறகு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி3 பக்கம் போனார். அப்பா டூரிங் காரில் சுற்றி ஜிடிக்கு வந்தார், மகன் நேரடியாக ஜிடி.

பிட்லேன்

செபாஸ்டியனுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். ராப் ஹஃபுக்கும் ஒன்று வேண்டும். மக்காவோவின் ராஜா பிரியோ இல்லை, ஹஃப்தான் என்று அங்கே வாதாட என்னிடம் நிறைய இருக்கிறது.